மூவருக்கு இரண்டு அங்கி

ஆளுக்கு ஆயிரத்தி ஐந்நூறு என்றான் படகுக்காரன் சுமித்.
யோகமலர் பேரம் பேசவில்லை.
உயிர்காப்பு அங்கிகளை எண்ணினாள்.
நாங்கள் மூவர், அங்கி இரண்டு.
ஒன்றில் பட்டி அறுந்திருந்தது.

நோர்வேயில் பதினொரு வருஷமாய்
மலையைப் பிளந்து நுழைந்த கடலில்
சுற்றுலாப் படகொன்றில் கோப்பி ஊற்றுகிறாள்.
ஜன்னலோரம் நின்றதே இல்லையாம்.
அருவி வரும் நேரம்தான் வரிசையும் வரும்.

காசல்ரீத் தண்ணீருக்கு மேல் கை நீட்டிக் காட்டினேன்:
அதோ நோர்வூட் ரோட்டு,
அதோ மூணாம் நம்பர் மலை,
கொழுந்தெடுப்பவர்களின் தலைத்துண்டுகள் மட்டும் நகர்கின்றன.
"ம்" என்றாள்,
கண் படகின் அடியில் ஊறும் ஈரத்தில்.

நடுவில் வந்து என்ஜின் செருமிச் செருமி நின்றது.
சுமித் கயிற்றை இழுத்தான், இழுத்தான்.
மூடுபனி எங்களை ஒரு சுற்றுச் சுற்றிப் போனது.
எந்தக் கரையிலோ ஒருத்தி
எவனையோ திட்டுவது
சொல் சொல்லாய்க் கேட்டது.
யோகமலர் வாய்விட்டுச் சிரித்தாள்.

பிளாஸ்க்கை எடுத்தேன்.
பழக்கத்தில் பிடுங்கிக்கொண்டு
முதல் கோப்பையைச் சுமித்திடம் நீட்டினாள்.
எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்து
வாங்கிக் குடித்து
சீனி காணாது என்றான்.

என்ஜின் இன்னும் பிடிக்கவில்லை.
அறுந்த பட்டியை முடிச்சுப் போட்டுவிட்டு
கால் நீட்டி
மலைப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.