பதினேழாம் நம்பர் செக்கர்

அனுப்பர்பாளையம் தாண்டி
ஆத்துப்பாளையம் ரோட்டில் எங்க கம்பெனி.
குழந்தை உடுப்பு, எக்ஸ்போர்ட்.
டியூப் லைட்டுக்கு அடியில் நின்றபடி
நாளைக்கு எண்ணூறு பீஸ் பார்ப்பேன்.
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்.
வெளிப்பக்கம் எல்லாமே அழகுதான்,
உள்ளே திருப்பினால்தான் குணம் தெரியும்.
குறை இருக்கிற இடத்தில்
விரல்நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்,
அதன்மேல் பேனாவில் என் நம்பர்.

புதன்கிழமை, டீ டைம்.
தங்கச்சி ஸ்கூல் குரூப்பிலிருந்து வந்தது.
மூட்டை கட்டிய சைக்கிள். அழுக்குச் சட்டை ஆள்.
மூட்டை வாயில் குட்டிக் கை ஒன்று,
அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
'புள்ள புடிக்கிறவனுங்க திருப்பூருக்குள்ள வந்துட்டானுங்க.
உங்க ஊட்லயும் கொழந்தை இருக்குதல்லங்க?
பத்துப் பேருக்காச்சும் அனுப்புங்க.'

இருக்குது. அக்கா பையன், ஒண்ணரை வயசு.
ஒரு கையில் வடை,
இன்னொரு கையில் கட்டைவிரல்,
நாலு குரூப்.
வடை ஆறுவதற்குள் முடிந்தது.
'அய்யோ, எனக்கும் போடு புள்ள' என்றாள் கௌசிகா.
போட்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்ததால்
மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
இரண்டு விரலால் இழுத்துப் பெரிசாக்கினேன்.
அந்தக் கைக்கு விரல் இல்லை.
வட்டத்துக்குள்ளே இன்னொரு சிவப்பு.
இன்னும் இழுத்தேன்.

அம்பு.

பீச் கலர் ராம்பர், இடது கை, கஃப் தையல் விட்டது.
போன வாரம் நான் தள்ளிய பீஸ்.
மங்கலாக ஒன்றும் ஏழும்.

ஆள் யாரென்று அப்புறம்தான் பிடிபட்டது.
சனிக்கிழமை வேஸ்ட் எடுக்க வருகிற துக்கிசியாம்.
தராசு முள்ளை நம்பாமல்
இரண்டு தரம் நிறுக்கச் சொல்வார்,
சூப்பர்வைசர் சிரிப்பார்.

குரூப்பில் எழுதினேன்:
அது கொழந்தை இல்லீங்க, எங்க கம்பெனி வேஸ்ட்.
ஒரே ஒரு லைக்.
'உனக்கெப்படித் தெரியும்' என்று ஒன்று.
அதற்குக் கீழே யாரோ
இனிய இரவு ரோஜா வைத்தார்கள்.
பத்து மணிக்கு அதே போட்டோ
வேறொரு குரூப் வழியாக எனக்கே வந்தது,
ஊர் பெயர் பல்லடம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை வந்தார்.
புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி. சைக்கிள் இல்லை.
காந்தி நகர் பக்கம் நிறுத்தினார்களாம்.
மூட்டையை நடுரோட்டில் கொட்டிப் பார்த்தார்களாம்,
கொட்டுவதற்கு முன்பே அடித்தார்களாம்.
கொட்டிய பிறகு எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது,
டியூஷன் போகிற பையன் ஒருத்தன் மட்டும்
துணி பொறுக்கித் தந்தானாம்.
செக்யூரிட்டி அண்ணன் சொன்னது இது.
அவர் தண்ணீர்தான் கேட்டார்.
கொடுத்தேன்.
வேறொன்றும் சொல்லவில்லை.

மூட்டை தராசில் ஏறியது. முப்பத்தொன்றரை கிலோ.
'இன்னொருக்கா' என்றார்.
நிறுத்தார்கள். முப்பத்தொன்று.

மேஜைக்குத் திரும்பினேன்.
குறையோடு ஒரு பீஸ் கப்பலேறினால்
பையர் திருப்பி அனுப்புவான்,
பதினேழு யாரென்று ஆபீஸ் ரூமில் கேட்பார்கள்.
நான் அனுப்பியதற்கு
யாரும் வந்து கேட்கவில்லை.
என் நம்பர் அதிலேயே இருக்கிறது,
பெரிசாக்கினால் தெரியும்.