பின்னிருக்கை

புதுக்கடை நீதிமன்றத்தில்
பதிவேட்டு அறைக்கு மூன்று பேரிடம் வழி கேட்டேன்.
மூன்றாமவர் நான் வாய் திறக்கமுன்
"தண்டமா?" என்றார்.
முகத்திலேயே எழுதியிருக்கும் போல.

தோஹாவிலிருந்து யோகநேசன் குரல் அனுப்பியிருந்தார்:
பழைய தண்டம் ஒன்று கட்டாமல் கிடக்குதாம்,
லைசென்ஸும் அதோடு மாட்டுப்பட்டுக் கிடக்குதாம்,
பொலிஸ் ரிப்போர்ட் எடுக்க அது முடியவேணுமாம்.
என்ன குற்றம் என்று கேட்டேன்.
"வெள்ளைக்கோடு. ஆமர் வீதிச் சந்தியில்.
சின்ன விசயம்."

ஜன்னலுக்குள் ஒரு மிஸ்.
பெயரைச் சொன்னேன். இல்லை என்றா.
யோகநேசன் சிங்களத்தில் யோகேசனாகலாம்,
யோகநாதனாகலாம்;
ஒரு எழுத்து வழியில் தவறி விழுந்தால்
மனிசன் வேறு ஆள்.
கடைசியில் மோட்டார் சைக்கிளின் இலக்கம்தான் கைகொடுத்தது.
இலக்கத்துக்கு மொழியில்லை.

மேல்தட்டிலிருந்து இறங்கிய பதிவேடு
அரிசி மூட்டை போல மேசையில் விழுந்தது.
தூசி எழும்பி, விசிறிக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி
என் சேலையில் இறங்கியது.
மிஸ் விரலை நனைத்து நனைத்துப் பக்கம் தள்ளினா.
சிவப்பில் நிற்காத மீன் லொறி,
மருதானையில் ஒருவழிப் பாதைக்குள் எதிரே வந்த ஓட்டோ,
காப்புறுதி முடிந்து மூன்று நாளான ஸ்கூல் வான்.
எல்லாரும் எங்கேயோ போய்ச்சேரப்
பிந்திக்கொண்டிருந்தவர்கள்.

எனக்குச் சிங்களம் பேச வரும்,
மெனிங் சந்தையில் விலை குறைக்க,
நூற்றொராம் இலக்க பஸ்ஸில் சண்டை பிடிக்க.
வாசிக்க வராது.
வரிசையில் பின்னால் நின்ற ரிஸ்மின்
(சாப்பாடு டெலிவரி செய்கிற பெடியன்,
தன் தண்டத்தாளைப் பல்லில் கவ்வியிருந்தான்)
எட்டிப் பார்த்து வாசித்தான்:

"ஓகஸ்ட் பத்தொன்பது, பின்னேரம் நாலு பத்து.
இடம், கொள்ளுப்பிட்டி, மரைன் டிரைவ்."
ஆமர் வீதி இல்லையா?
"இல்ல அக்கா. வெள்ளைக்கோடும் இல்ல.
ஓட்டினவருக்கு ஹெல்மட் இருந்திருக்கு.
பின்னால இருந்தவ…"

நிறுத்தினான்.
பின்னால் இருந்தவ?
"இல்லாம."
பிறகு தாளை வாயிலிருந்து எடுத்து
தன் குற்றத்தை
மிகக் கவனமாக வாசிக்கத் தொடங்கினான்.

அந்த ஓகஸ்ட் முழுக்க நான் வவுனியாவில்,
தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்கு.
திரும்பி வந்த அன்று
கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு புது ஹெல்மட்,
கடும் நீலம்.
"உனக்குத்தான்" என்றார்.
எனக்குச் சந்தோசம், சொல்லத் தெரியாத சந்தோசம்.
போட்டால் காது மடியும்,
கழற்றினால் நெற்றியில் கோடு.
"பழகினால் சரிவரும்."
பழகினேன்.
தலைவலி வந்தால் பனடோல் போட்டேன்.
என் தலைதான் பெரிசு என்று
சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்துமிருக்கிறேன்.

மிஸ் தொகையை எழுதித் தள்ளினா.
ஆறாயிரத்து ஐந்நூறு.
காஸ் சிலிண்டருக்கு வைத்திருந்த காசு.
எண்ணிக் கொடுத்தேன், ஒரு தாள் ஒட்டியிருந்தது,
திரும்ப எண்ணினேன்.
கட்டுபவர் பெயர்?
சுபோதினி என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.
அவ எழுதியதை
ரிஸ்மின் தலையை நீட்டிப் பார்த்து
"சரியா இருக்கு அக்கா" என்றான்.

"முடிஞ்சுதா?" என்று தோஹா கேட்டது.
பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பினேன்.
பதிவேட்டின் பக்கத்தையும் எடுத்திருந்தேன்.
அதை இன்னும் அனுப்பவில்லை.

வாசலில், போனில் பிடித்த மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.
பெடியன் நீட்டிய ஹெல்மட்டில்
ஆர் ஆரோ தலைகளின் வியர்வை மணம்.
எனக்குக் கொஞ்சம் லூஸ்.
வார் அறுந்திருந்தது.
ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு போனேன்.
பொலிஸ் மறித்தால்
இதுவும் தண்டம்தான்.