காரணத்துக்குக் கட்டம் இல்லை

லிமாவின் வானம் இன்றும்
கழுதை வயிற்று நிறம்.
தூறலா பனியா என்று சொல்லமுடியாத ஏதோ ஒன்று
என் வெள்ளைக் கையுறையை நனைக்கிறது.
அபன்கை சாலையில், கவிழ்த்த வாளி அகல மேடையில்
பதினோரு வருடமாக நிற்கிறேன்.
எங்களை இங்கே தலைவி என்றுதான் கூப்பிடுவார்கள்,
திட்டும்போதும்.

அபராதச் சீட்டில்
வண்டி எண்ணுக்குக் கட்டம் உண்டு,
உரிமத்துக்கு, நேரத்துக்கு, தொகைக்கு.
ஹாரனை ஏன் அடித்தாய் என்பதற்கு இல்லை.
கேட்க வேண்டிய தேவையும் இல்லை.
இருந்தாலும் கேட்பேன்.
அடிச்சீட்டின் முதுகில் பென்சிலால் குறித்துக்கொள்வேன்.

பச்சை விழுந்ததை
முன்னால் நிற்பவனுக்குச் சொன்னேன் என்றான் ஒருவன்.
பச்சை விழவில்லையே என்றேன்.
விழப்போகிறதே என்றான்.

நடைபாதையில் நிற்கிற எவளும்
டாக்சிக்காகத்தான் நிற்கிறாள் என்பது இந்த ஊர் நம்பிக்கை.
பஸ்ஸுக்கு நிற்பவள்,
கடன்காரனுக்குப் பயந்து தூணோடு ஒட்டி நிற்பவள்,
செருப்பு வார் அறுந்து ஒற்றைக்காலில் நிற்பவள்
எல்லோருக்கும் இரண்டு சின்னக் கூவல்:
வர்றியா, வர்றியா.

வேன் ஓட்டும் எபர் சொன்னான்:
"நான் அடிக்கல தலைவி.
பக்கத்து வண்டிக்கு இது பதில் சொல்லிச்சு."
நாய்களும் அப்படித்தான்.
சிரித்தேன், எழுதினேன்,
தொகையைக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை.

சவ வண்டிக்காரர் ஒருவர்
தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்,
போனவருக்கு அவசரமில்லை அம்மா,
வீட்டில் ஐஸ் கரைகிறது.

ஒருத்தி மட்டும்
முன்னால் ஒரு வண்டிகூட இல்லாத தடத்தில்
மூன்று தெரு நீளத்துக்கு அடித்துக்கொண்டே வந்தாள்.
மகன் பிழைச்சுட்டான் என்றாள்.
இப்பத்தான் சொன்னாங்க.
அவளுக்கும் எழுதினேன்.
அந்த அடிச்சீட்டு
இரவெல்லாம் சட்டைப்பையில் உறுத்தியது.

போன செவ்வாய்க்கிழமை
காவலர் மருத்துவமனையில்
பஞ்சு ஒட்டிய பெட்டி அறைக்குள் உட்காரவைத்தார்கள்.
"சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள், மரித்சா."
கேட்டது.
தூக்கினேன்:
உள்ளங்கை முன்னால், விரல்கள் சேர்ந்து, முழங்கை விறைத்து.
கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண்
எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

வலது காது தப்பித்தது.
பஸ் தடத்தைப் பார்த்தே நின்ற இடது காதில்
மெல்லிய ஒலிகள் போய்விட்டன என்றாள்.
குருவிகள் போயின. ஸ் என்கிற சத்தமும்.
எங்கள் மொழியில் பன்மைக்கு அதுதான் வால்;
இனி அந்தப் பக்கம்
எல்லாம் ஒவ்வொன்றாகத்தான் இருக்கும்.
ஹாரன்? என்று கேட்டேன்.
அது கேட்கும், என்றாள்.
கடைசிவரை.

அன்று மாலை தம்பியின் காரை வாங்கிக்கொண்டு
கோமாஸுக்குத் திரும்பினேன்.
பாலத்துக்கு முன்னால் சந்திப்பில்
என் வேலையை இன்னொருத்தி செய்துகொண்டிருந்தாள்.
சின்னப்பெண். கையுறை இரண்டு அளவு பெரிது.
விளக்கு பச்சையானது; அவள் கை இறங்கவில்லை.
ஏன் என்று எனக்குத் தெரியும்.
குறுக்கே போகும் லாரிகளின் வால் கடக்க
ஆறுவரை எண்ணவேண்டும்.
நானும் எண்ணினேன்.
நான்கில்
என் கட்டைவிரல் கீழே போனது.

நீளமாக.
வெட்கமில்லாமல்.

அவள் நடந்து வந்தாள்.
கண்ணாடியை இறக்கி, கேட்காமலே உரிமத்தை நீட்டினேன்.
பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டு
ஏதோ கேட்டாள், தாழ்ந்த குரலில்.
ஓட்டுநர் ஜன்னல் எனக்கு இடப்பக்கம்.
உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.
பின்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள்
அதற்குள் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தன.

ஆமாம் என்றேன், பொதுவாக.
சீட்டைத் திருப்பி
முதுகில் எழுதினாள்.