இரண்டு விரல் தாழ

பானட்டின் மூலையில் இரு கையும் ஊன்றி
ஒரே அமுக்கு அமுக்கிவிட்டு
விலகி நின்றான் ஆ கியோங்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு,
இன்னும் தலையாட்டிக்கொண்டே இருந்தது என் ஈஸ்வரா.
"நல்ல அப்சார்பர் ஒன்றரை ஆட்டத்துல நிக்கும், தங்காச்சி.
இது எதைக் கேட்டாலும் ஆமாங்குது."

தொண்ணூற்று மூன்றில் பதிந்த காடி.
முன்சக்கரத்துக்குள் எண்ணெய் கசிந்து
செம்மண்ணோடு குழைந்து
வெற்றிலை வடிந்த கடைவாய் மாதிரி.

மேசைமேல் மூன்று ஜோடி ஸ்பிரிங்.
பழைய உயரத்துக்கே ஒன்று, கறுப்பு,
பகாவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.
முப்பது மில்லி தாழ்த்தும் சிவப்பு.
ஐம்பது தாழ்த்தும் மஞ்சள்.
மஞ்சளையே தடவிக்கொண்டிருந்தான் கடைப்பையன் யுகேந்திரன்:
"போடுங்கக்கா, டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவுல
விரல் நுழையாது."
விரல் நுழையாத இடத்தில் எனக்கென்ன வேலை
என்று கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை. எனக்கும் ஆசைதான்.

ஆனால் நான் எடைமேடைக் குமாஸ்தா.
பதினோரு வருஷமாய்
குலை லோரி ஏறும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வரும், எழுதுவேன்.
கழித்தால் மிச்சம் பழம்.
அந்தக் கண்ணுக்கு எதையும் சும்மா பார்க்க வராது.

இரவு ஷிப்டு முடிந்து, லோரி இல்லாத நேரம்
காடியை மேடையில் ஏற்றினேன்.
தொள்ளாயிரத்து அறுபது கிலோ.
நான் உட்கார்ந்தேன். ஆயிரத்து இருபது.
தினம் என்னோடு வருகிறவர்கள் ஏறினார்கள்:
விமலேஸ்வரி, பத்மாசனி, நூர் லைலா,
சாப்பாட்டுக் கூடையோடு செல்லக்கிளி.
ஆயிரத்து இருநூற்று எண்பது.
"சீட்டு அடிச்சிடாதேடி!" ஒரே கூச்சல்.
இறங்கிப் போய் பின்சக்கரத்தைப் பார்த்தேன்.
மட்காட் டயரில் உட்கார்ந்திருந்தது.
காசு கொடுக்காமலே மஞ்சள்.

குனியக் குனியக் குட்டுவார்களாம்.
இங்கே குட்டுவதற்கென்றே
தமிழ்ப்பள்ளி வாசலில் இரண்டு மேடு,
பதினாலாம் பிளாக் வளைவில் லோரி உழுத பள்ளம்,
மில் கேட்டில் ஓர் இரும்புக் குழாய்.
ஸ்கேல் வைத்து எல்லாம் அளந்தாயிற்று.

ஆ கியோங் சிகரெட் பெட்டி அட்டையில் படம் போட்டான்.
தாங்குவது ஸ்பிரிங்.
தாங்கிய பிறகும் அது
ஒவ்வொரு குழியையும் நினைத்து நினைத்து ஆடும்.
போதும் என்று சொல்வதுதான் அப்சார்பர்.
அதைச் செகண்ட் ஹாண்டில் வாங்காதே.

வழக்கில் வீடு அவனுக்கு, காடி எனக்கு.
"வித்துடு, இரும்பு விலையாச்சும் கிடைக்கும்" என்றிருந்தான்
படியில் நின்று.
நான் கேஸ் அப்சார்பர் நாலும் புதிதாய்ச் சொன்னேன்.
முன்னே சிவப்பு. பின்னே கறுப்பு.

"ஐயோ, மோப்பம் பிடிக்கிற நாய் மாதிரி இருக்குமேக்கா!"
இருக்கட்டும்.
நாலு பேர் ஏறினால் சமமாகிவிடும்.

ஆயிரத்து நூற்று நாற்பது வெள்ளி, மூன்று தவணை.
அலைன்மெண்ட் அவன் கணக்கில்.
திங்கட்கிழமை விமலேஸ்வரி சொன்னாள்
முதுகெலும்பை ஒவ்வொன்றாய் எண்ணிவிட்டேன், முப்பத்து மூன்று.
பள்ளி மேட்டில் பம்பர் லேசாய் உரசியது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
மறுபடி மேடையில் ஏற்றிப் பார்த்தேன்:
அதே தொள்ளாயிரத்து அறுபது.
தாழ்ந்ததில் ஒரு கிலோ குறையவில்லை.

ஞாயிறு தனியாய்
புக்கிட் பூத்துஸ் பழைய ரோடு.
மூக்கைத் தரையில் வைத்து
வளைவு வளைவாய் முகர்ந்துகொண்டு போனது.
ஒரு பாலத்தின் இணைப்பில் தூக்கிப் போட்டது.
எண்ணினேன்.
ஒன்று.
ஒன்றரை.