சத்தம் என்ற கட்டத்தில்

கடைக்காரன் பதினான்கு நாள் தந்தான்.
பிடிக்காவிட்டால் புல்லைத் துடைத்துக் கொண்டுவா என்றான்.
ஃபெர்கஸ் நோட்டில் கட்டங்கள் போட்டான்:
எடை. சரிவு. ஈரம். சார்ஜ். சத்தம்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்,
எதையும் தூக்கிப் பார்த்துத்தான் நம்புவான்.
இடக்கையால் தூக்கினான்.
பதினாறு கிலோ, பொய்யில்லை, என்று எழுதினான்.

எங்கள் புல்தரை அறுபத்துமூன்று சதுர மீட்டர்.
அதிலும் துணி காயப்போடும் சுழல்கம்பிக்கு
ஒரு வட்டம் போய்விடும்.
டனீடன் மலையில் வீடு வாங்கியவர்களுக்குச்
சமதளம் என்றால் சாப்பாட்டு மேஜைதான்.

பழையது பெட்ரோல்.
பதினோரு முறை கயிற்றை இழுத்தால்
பன்னிரண்டாவதில் இருமும்.
அப்புறம் தெரு முழுக்க அதன் பேச்சுதான்.
தட்டில் கோப்பை நடுங்கும்,
பக்கத்து வீட்டு மக்லியடி ஜன்னலைச் சாத்துவாள்.
கண்ணாடி வழியே பார்த்திருக்கிறேன்:
அவன் உதடு அசையும்.
பாடுகிறான் என்றே நினைத்திருந்தேன்,
இத்தனை சனிக்கிழமைகளாக.

புதியதற்குக் கயிறில்லை.
சாவி, பொத்தான், கைப்பிடியை ஓர் அழுத்து.
மாவு சலிக்கிற சத்தம், அவ்வளவே.
மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.
சோதனை என்றால் ஈரத்தில்தான் என்றான்.
ஈரப் போர்வைக்குப் பின்னால் நான்,
வாயில் இரண்டு கிளிப்.

"கயித்தை நான் சரியாத்தான் கட்டினேன், அலெக்."

கிளிப் விழுந்தது. ஒன்று மட்டும்.

அலெக் அவன் தம்பி. பிளஃபில் இருக்கிறான்.
ஆறு வருஷமாக இந்த வீட்டில்
அந்தப் பெயருக்கு நாற்காலி கிடையாது.

வேலி வந்தது. திருப்பினான்.
அடுத்த வரிசையில் முதலிலிருந்து:
"சரி. சரியாக் கட்டலை.
அலை பெரிசுன்னு நீ சொன்னே."
திருப்பம்.
"அலை பெரிசுன்னு நீ சொன்னே, நான்தான் கேக்கலை.
படகு உன்னோடதும்தான்."
திருப்பம். நடுவில் புல் அடைத்து நின்றது.
சாவியைக் கழற்றினான், கவிழ்த்தான்,
என் கேக் கரண்டியால் சுரண்டினான்
(அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்).
மறுபடி ஓட்டினான்.
"ஆனா அம்மா அடக்கத்துல
நீ என் கையைத் தட்டிவிட்டது…
இல்லை. அது வேணாம்.
அதை எடுத்திடலாம்."

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சொல் குறைந்தது.
முப்பத்தேழு சென்டிமீட்டர் அகலத்தில்
வாக்கியம் தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது.

போர்வையை அப்படியே விட்டுவிட்டு
பூனைபோல் உள்ளே போனேன்.
ரேடியோவைத் திருகினேன், கடைசிவரை.
குதிரைப் பந்தயம்.
எந்தக் குதிரை என்று எனக்கென்ன?
ஒருவன் மூச்சுவிடாமல் கத்தினான். கத்தட்டும்.
உருளைக்கிழங்கை எடுத்துவைத்து
தோல் சீவ ஆரம்பித்தேன்.

மூன்று பச்சை. இரண்டு. ஒரு சிவப்பு.
இருபத்தேழாவது நிமிஷத்தில்
வேலியோர வரிசைக்கு முன்னால் இயந்திரம் ஓய்ந்தது.
அவன் ஓயவில்லை.
அரை வாக்கியம் தனியாக ஓடிப்போய் வேலியில் முட்டியதை
அவன் தோள் நின்ற விதத்தில் பார்த்தேன்.
ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான்.
நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

பூட்ஸை வாசலில் தட்டிக்கொண்டே கேட்டான்:
"ரேடியோ ஏன் இப்படி அலறுது, ஊனா?
மிஷின் சத்தம் எவ்வளவுன்னே
கணக்குப் பண்ண முடியலை."
"அப்படியா? எனக்கு ஒண்ணும் கேக்கலை" என்றேன்,
இரண்டு சத்தத்துக்கும் சேர்த்து.

அவன் குளிக்கப் போனான்.
நோட்டு மேஜைமேல் கிடந்தது.
சரிவு: நல்லா ஏறுது.
ஈரம்: ஒரு தடவை அடைச்சுது.
சார்ஜ்: ஒரு வரிசைக்குப் போதலை.
சத்தம் என்ற கட்டம் காலி.
பென்சிலை எடுத்து எழுதினேன்:
ரேடியோவைவிடக் குறைவு. வைத்துக்கொள்ளலாம்.

வேலியோரம் கை அகலத்துக்கு
வெட்டாத ஒரு பட்டை, டெய்சிப் பூக்களோடு.
டோஸ்டர் பக்கத்தில் பேட்டரி கண்சிமிட்டுகிறது.
நிறையத் தொண்ணூறு நிமிஷம் என்கிறது கையேடு.
பிளஃபுக்குக் காரில் மூன்று மணி நேரம்.
பதினான்கில் இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.