இரண்டாவது தட்டு

விதி எளிது.
வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள்.
அதே அளவு இன்னொரு தட்டில் எனக்கு.
எனக்கென்றால் எனக்கில்லை,
மதுரையில் ஓர் ஆய்வுக்கூடம்.
அரைத்து, உலர்த்தி, சாம்பலாக்கி
உப்பு இவ்வளவு, புரதம் இவ்வளவு என்பார்கள்.

புதுவயல், மில்லுக்குப் பின் தெரு.
வள்ளிக்கண்ணு, வயது நாற்பத்து மூன்று,
ரத்த அழுத்தம் நூற்று ஐம்பத்தெட்டு, தொண்ணூற்றாறு.
உமித்தூசி பறந்து வந்து
என் தராசில் உட்கார்ந்தால் ஒரு கிராம்.
ஊதினால் பூஜ்ஜியம்.

வெண்டைக்காய் மண்டி.
வெண்டை நூற்றெண்பது. சின்ன வெங்காயம் நாற்பத்தைந்து.
நெல்லிக்காய் அளவு என்ற புளி, பத்தொன்பது.
அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைச்
சட்டியில் அவர் சாய்த்தபோது பேனா நின்றது.
கழுநீருக்கு எங்கள் அட்டவணையில் எண் கிடையாது.
"இது இல்லாம மண்டி ஏது?"
பிற திரவம், முந்நூற்றுப் பத்து மில்லி
என்று எழுதினேன்.

உப்பைக் கையால் அள்ளித்தான் போட்டார்.
ஜாடியை முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை நிறுத்து
கழித்துத்தான்
அந்தக் கையைப் பிடிக்க முடிந்தது.

கணவர் சாப்பிட்டு ஷிப்டுக்குப் போனார்.
மகன் சாப்பிட்டுத் தூங்கினான்.
மூன்று மணிக்கு இரண்டு தட்டு வந்தது.
ஒன்றில் குவித்த சோறு,
நசுங்காத வெண்டையாய்ப் பார்த்துப் பொறுக்கிய மண்டி,
உப்புக்கண்டம் நான்கு துண்டு,
ஓரத்தில் ஓர் அப்பளம்.
மற்றதில் சட்டி வழித்தது,
உடைந்த கண்டம் ஒன்று.

ஐநூற்று அறுபத்திரண்டு.
இருநூற்று எழுபத்து நான்கு.

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும்க்கா."
"ஒண்ணுபோலத்தானே வச்சேன்."
அடுப்பைத் துடைத்தபடி, கொஞ்சம் கழித்து,
"மருதைக்குப் போறதுல்ல. நாலு பேர் பாப்பாக."

பார்ப்பார்கள்தான்.
கையுறை மாட்டி, மிக்சியில் தள்ளும் முன்
ஒரு நொடி.

பயிற்சியில் சொன்னார்கள்:
மறப்பார்கள், குறைத்துச் சொல்வார்கள்,
சர்க்கரையை மறைப்பார்கள்.
விருந்து வைப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு விதியை அங்கேயே உண்டாக்கினேன்.
"எந்தத் தட்டு யாருக்குன்னு நாங்கதான் சொல்லணும்."
பெரியதை அவர் பக்கம் தள்ளிவிட்டுச்
சின்னதை டப்பாவில் வழித்து மூடினேன்.
நம்பவில்லை. இருந்தாலும் உட்கார்ந்தார்.
நான்காம் துண்டு கடைசிவரை ஓரத்திலேயே கிடந்தது.
மகனுக்கென்று எடுத்து வைப்பார் என நினைத்தேன்.
சாப்பிட்டுவிட்டார்.

மிச்சம்: கறிவேப்பிலை, ஒரு கிராம்.

காரைக்குடிப் பேருந்தில் மடியில் ஐஸ் பெட்டி.
உள்ளே இருப்பது
அவர் தினமும் சாப்பிடுவது, இன்று சாப்பிடாதது.
நான்கு கண்டத்தின் உப்பு
இந்நேரம் அவர் ரத்தத்தில் ஏறியிருக்கும்.
அதை நான்தான் ஏற்றினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில் பாதி எழுதி, அடித்து,
செவ்வாய்க்கிழமை மறு அளவு என்று மட்டும் எழுதினேன்.

கழுநீருக்கு ஓர் எண் கேட்டு
மதுரைக்குக் கடிதம் போட வேண்டும்.