அகப்பைக் கணக்கு

காட்டன் கால்வாய் ஓரம்
ஓர் அகப்பைத் தண்ணீரில் எத்தனை கொசுப்புழு
என்று எண்ணி எழுதுவது என் வேலை.
ஒப்பந்தக் கூலி. ஞாயிறு கிடையாது.
முதுகில் தொட்டி, கையில் பீச்சுக்குழல்,
பத்து லிட்டருக்கு இரண்டரை மில்லி மருந்து.

முதல் வருஷம்
நாற்பத்தேழு நெளிந்த இடத்தில்
மறுநாள் மூன்று.
"முட்ச்சிட்டக்கா" என்றாள் பிலோமினா.
அந்த மூன்றை நான் பொருட்படுத்தவில்லை.
மூன்றுதானே.

மூன்றுக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள்.

ஐந்தாம் வருஷம்
அதே அளவு, அதே கை.
நாற்பத்தேழில் நாற்பத்தொன்று
தலைகீழாகத் தொங்கி, வாலால் மூச்சு வாங்கின.
மருந்தில் தண்ணீர் கலந்தாயா என்று
மேஸ்திரி ஏசினார்.
கலக்கவில்லை.
எந்தப் புழுவும் மருந்தைத் தாங்கப் பழகவுமில்லை.
பழக எங்கே நேரம் இருந்தது அதுங்களுக்கு?
செத்தது செத்தது.
ஒன்றிரண்டு மட்டும் பிறக்கும்போதே
யாரும் கேட்டு வாங்காத ஒரு கோணலோடு வந்திருந்தன.
அந்தக் கோணலுக்கு இடம் ஒதுக்கி
மற்றதையெல்லாம் துடைத்துக் கொடுத்தது
இந்தக் கை.
சல்லடை பிடித்தவள் நான்.
எது தங்கும் என்று
சல்லடைக்குத் தெரியாது.

தண்டையார்பேட்டையில்
மெட்ரோவுக்கு அடியில் ஒரு கசிவுநீர்க் குழி.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
அதிலும் இறங்குகிறேன்.
மேலே, கொசுவுக்கு முகூர்த்தம் உண்டு:
வெளிச்சம் மங்கும் அந்தக் கால் மணி நேரம்
பால் பூத் கூரைமேல்
ஆண்கள் ஒரு தூணாய்ச் சுழலும்.
கீழே அந்தி ஏது?
இருபத்துநாலு மணி நேரமும் ஒரே குழல்விளக்கு.
தூணாய் எழும்ப இடமில்லாததுகள்
ஈரச் சுவரிலேயே கூடிவிடுகின்றன.
நடுவே கடல் இல்லை, மலை இல்லை.
படிக்கட்டு. டிக்கெட் கதவு.
இது போதுமா என்று
ஆய்வகத்து வெற்றிச்செல்வியைக் கேட்டேன்.
"போதலாம். தெரியாது. விட்டுப் பாப்போம்."

மேல் வீட்டுப் பையன்கள், கீழ் வீட்டுப் பெண்கள்
ஒரே வலைக் கூண்டில்.
"இன்னாக்கா, கொசுக்குப் பொண்ணு பாக்கறியா?"
பிலோமினா சிரித்தாள்.
சிறகுதான் அதுங்களுக்குப் பேச்சு.
இரண்டும் தத்தம் சுருதியை
இழுத்து, தளர்த்தி, ஒன்றாக்கும்.
ஒன்றானால் உறவு.
வெற்றிச்செல்வி காதுக்கருவியைக் கொடுத்தாள்.
ஒன்று ஏறியது,
ஒன்று இறங்கியது,
கிட்டே வந்தது, இன்னும் கிட்டே,
விலகியது.
ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்தன,
ஒரே பஸ்ஸுக்கு நிற்கும் தெரியாதவர்கள் மாதிரி.

"அப்போ வேற இனமா?"
"இல்ல. பத்துல ரெண்டு இன்னும் சேருதே."

ரெண்டு ஒன்றாகி, ஒன்றும் இல்லாமல் போகும் அந்த நாளை
எந்த ரிஜிஸ்டரில் எழுதுவார்கள்?
அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

நடந்தே வீடு திரும்பினேன்.
வண்ணாரப்பேட்டையில் கிளம்பினால்
எந்த வாசலும்
"என்னோடு முடிந்தது" என்று சொல்வதில்லை.
ஒரு டெய்லர் கடைப் பலகைதான் திடீரென்று
தண்டையார்பேட்டை என்கிறது.
பலகைக்கு இந்தப் பக்கத்து வீடும் அந்தப் பக்கத்து வீடும்
ஒரே குழாயில் குடம் வைக்கின்றன.

எந்தத் தாயும்
வேற்றினத்துப் பிள்ளையைப் பெற்றதில்லை.
ஒவ்வொருத்தியும் தன்னைப் போலத்தான் பெற்றாள்,
ஒரு மயிரிழை தள்ளி.
மயிரிழை மயிரிழையாக
ஓர் ஊர் தூரம்.

இரவு, காதருகே ஒன்று.
மேல் வீடா, கீழ் வீடா?
சுருதி பிடித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.
கையை ஓங்கியபோது தோன்றியது:
இதுவும் சல்லடைதான்,
மெதுவாய்ப் பறப்பது சாகும்.

ஆனாலும் அடித்தேன்.
காலையில் ஐந்தரைக்கு டியூட்டி.

தப்பிவிட்டது.
அதற்கும் பிள்ளைகள் பிறப்பார்கள்.